ஏப்ரல் வெற்றியை நம்பலாமா? ஒரு மெட்ஸ் ரசிகனின் இரண்டு மனசு

நியூயார்க்கில் இரவு 7.10-க்கு மேட்ச் என்றால், சென்னையில் மறுநாள் விடிகாலை 4.40. பால் பாக்கெட் வருவதற்கு முன்னாடியே அலாரம் அடிக்கும். வீட்டில் யாரும் எழுந்துவிடக் கூடாது என்று போனை மியூட் செய்துவிட்டு, போர்வைக்குள்ளேயே நியூயார்க் மெட்ஸ் ஆடும் பேஸ்பால் பார்ப்பது என் வழக்கம்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு மேட்ச் ஜெயித்தால் என்ன செய்வேன் தெரியுமா? ஒன்றும் செய்ய மாட்டேன். குயின்ஸில் வேலை பார்த்த காலத்து நண்பர்கள் ஆறு பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் யாராவது ஒருத்தர் "162-ல ஒண்ணு" என்று மட்டும் போடுவார். தோற்றாலும் அதே மெசேஜ்தான். ஒரு சீசனில் ஒரு டீம் ஆடுவது 162 மேட்ச். அதில் இது ஒன்று, அவ்வளவுதான், ரொம்ப ஆடாதே, ரொம்ப அழாதே என்று அர்த்தம்.

போன வருஷம் செப்டம்பர் 28-ஆம் தேதிக்குப் பிறகு அந்த மெசேஜின் அர்த்தமே எங்களுக்கு மாறிவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

புது சீசன் தொடங்கி கொஞ்ச நாள்தான் ஆகிறது. மெட்ஸ் இப்போது டேபிளில் எத்தனையாவது இடம் என்று இதில் எழுதப்போவதில்லை. பேஸ்பாலில் கிட்டத்தட்ட தினமும் மேட்ச் உண்டு. நீங்கள் இதைப் படிக்கும்போது அது மாறியிருக்கும். என் கேள்வி வேறு: சீசன் ஆரம்பத்தில் ஒரு டீம் ஆடுவதைப் பார்த்து, அதை எவ்வளவு நம்பலாம்?

ஐபிஎல் கணக்கில் அரை மேட்ச்

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். அமெரிக்காவின் மேஜர் லீகில் 30 டீம்கள். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஒவ்வொரு டீமும் 162 மேட்ச் ஆடும். டிரா என்ற பேச்சுக்கே கிட்டத்தட்ட இடமில்லை. கூடுதல் இன்னிங்ஸ் ஆடியாவது முடிவு தெரிந்துவிடும். பாயின்ட்ஸும் கிடையாது, எத்தனை ஜெயித்தாய் என்பது மட்டும்தான். அதனால் ஒரு டீமின் நிலையை 45-24 என்று எழுதுவார்கள்: 45 வெற்றி, 24 தோல்வி.

ஐபிஎல்லில் லீக் சுற்றில் ஒரு டீமுக்கு 14 மேட்ச். 162-ஐ 14-ஆல் வகுத்தால் 11.6 வருகிறது. அதாவது, ஒரு ஐபிஎல் மேட்ச் தோற்பது கிட்டத்தட்ட பன்னிரண்டு பேஸ்பால் மேட்ச் தோற்பதற்குச் சமம். 2015-ல் மும்பை இந்தியன்ஸ் முதல் நாலு மேட்சையும் தோற்று, கடைசியில் கப் ஜெயித்தது நினைவிருக்கலாம். அந்த நாலு தோல்வி பேஸ்பால் கணக்கில் 46 மேட்ச்!

இப்போது திருப்பிப் பாருங்கள். 2024-ல் மெட்ஸ் முதல் 5 மேட்சையும் தோற்றது. 'இந்த வருஷம் முடிஞ்சுது' என்று அன்றே கடையை மூடியவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஐபிஎல் கணக்கில் அந்த ஐந்து மேட்ச் என்பது அரை மேட்ச்கூட இல்லை. ஒரு டீம் பவர்பிளேயில் சொதப்பியதைப் பார்த்து சீசனே போச்சு என்று சொல்வது போல.

காசு சுண்டிப் பாருங்கள்

'சின்ன கணக்கை வைத்துப் பெரிய முடிவுக்கு வராதே' என்று புள்ளிவிவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அது ஏன் என்று ஒரு ரூபாய் காசை வைத்தே பார்க்கலாம்.

ஏப்ரல் முடியும்போது ஒரு டீம் சுமார் 30 மேட்ச் ஆடியிருக்கும். சரியாகப் பாதிக்குப் பாதி ஜெயிக்கும் சராசரி டீம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை ஒரு காசாக நினைத்து 30 தடவை சுண்டுங்கள். 15 பூ, 15 தலை வர வேண்டும். ஆனால் 12 முதல் 18 வரை எது வந்தாலும் அது சர்வ சாதாரணம். அதையும் தாண்டிப் போவதுகூட ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை நடக்கும்.

18-12 என்ற வேகத்திலேயே சீசன் முழுக்கப் போனால் 97 வெற்றி. அது பட்டத்துக்குப் போட்டி போடும் டீம். 12-18 என்ற வேகத்தில் போனால் 65 வெற்றி. அது அடிமட்ட டீம். ஒரே காசு, எந்த மாற்றமும் இல்லாமல், ஏப்ரலில் சாம்பியன் மாதிரியும் தெரியலாம், உதவாக்கரை மாதிரியும் தெரியலாம். 'இதே வேகத்தில் போனால்...' என்று தொடங்கும் தலைப்புகளை ஏப்ரலில் பார்த்தால் இந்தக் காசை நினைத்துக்கொள்ளுங்கள்.

வரலாறும் அதைத்தான் சொல்கிறது. 1982-ல் அட்லாண்டா பிரேவ்ஸ், 1987-ல் மில்வாக்கி ப்ரூவர்ஸ், 2023-ல் டாம்பா பே ரேஸ் என மூன்று டீம்கள் 13-0 என்று சீசனைத் தொடங்கின. மூன்றுமே அந்த வருஷம் உலக சீரிஸ் பக்கம்கூடப் போகவில்லை. ப்ரூவர்ஸ் 91 மேட்ச் ஜெயித்தும் பிளே-ஆஃபுக்கே தகுதி பெறவில்லை. ரேஸ் 99 மேட்ச் ஜெயித்து உள்ளே போய், முதல் சுற்றில் இரண்டே மேட்சில் வெளியே வந்தது. இன்னொரு பக்கம் 2019-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ். முதல் 50 மேட்ச் முடிவில் 19-31. அந்த வருஷ உலக சீரிஸ் சாம்பியன் அவர்கள்தான்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 1984-ல் டெட்ராய்ட் டைகர்ஸ் 35-5 என்று தொடங்கி கப்பையும் தூக்கியது. 1988-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் முதல் 21 மேட்சையும் தோற்று, சீசன் முழுக்க 107 தோல்வியோடு முடித்தது. 40 மேட்சில் 35 வெற்றி, தொடர்ந்து 21 தோல்வி என்றெல்லாம் போனால் ஆரம்பமே ஏதோ சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மற்ற ஏப்ரல்களில் அந்த அளவு தெளிவு கிடைப்பதில்லை.

ஒரே டீம், இரண்டு வருஷம்

இவ்வளவு தூரம் வந்தபின் 'அப்போ ஏப்ரல் மேட்சைப் பார்க்கவே வேண்டாம், தூங்கலாம்' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அதை உடைத்ததும் இதே மெட்ஸ்தான்.

முதலில் 2024. ஜூன் 2-ஆம் தேதி மெட்ஸின் நிலை 24-35. அங்கிருந்து மீதி மேட்ச்களில் 65-38 என்று பறந்தார்கள். ஜூன் 12-ஆம் தேதி மெக்டொனால்ட்ஸின் ஊதா நிற பொம்மை கிரிமேஸ் மைதானத்துக்கு வந்து சம்பிரதாயமாக முதல் பந்தை வீசியது. அதிலிருந்து தொடர்ந்து 7 வெற்றி. ரசிகர்கள் அந்தப் பொம்மையையே குலதெய்வம் ஆக்கிவிட்டார்கள். செப்டம்பர் 30-ஆம் தேதி அட்லாண்டாவில் ஒன்பதாவது இன்னிங்ஸில் பிரான்சிஸ்கோ லிண்டோர் அடித்த ஹோம்ரனில்தான் பிளே-ஆஃப் இடம் உறுதியானது. முதல் சுற்றின் கடைசி மேட்சில், அதுவும் ஒன்பதாவது இன்னிங்ஸில், 2-0 என்று பின்தங்கியிருந்தபோது பீட் அலோன்சோ மூன்று ரன் ஹோம்ரன் அடித்தார். கடைசியில் லீக் இறுதிச் சுற்றில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடம் தோற்றார்கள். ஆனாலும் யாருக்கும் வருத்தமில்லை. 0-5-ல் தொடங்கிய டீம் அது.

அப்புறம் 2025. ஹுவான் சோட்டோவை 15 வருஷத்துக்கு 76.5 கோடி டாலர் கொடுத்து எடுத்திருந்தார்கள். அதுவரை விளையாட்டு உலகிலேயே அவ்வளவு பெரிய ஒப்பந்தம் இருந்ததில்லை. ஜூன் 12-ஆம் தேதி மெட்ஸ் 45-24. மேஜர் லீகிலேயே முதலிடம். விடிகாலை அலாரம் எனக்குச் சுமையாகவே தெரியவில்லை.

அதே ஜூன் 12 மேட்சில் முக்கியமான பிட்சர் கொடாய் செங்கா, முதல் பேஸில் உயரமாக வந்த ஒரு பந்தை எட்டிப் பிடிக்கப் போய் தொடைத் தசையில் காயம்பட்டு வெளியேறினார். மறுநாளிலிருந்து தொடர்ந்து 7 தோல்வி. அதன்பின் அந்த டீம் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. மீதி சீசனில் அவர்கள் கணக்கு 38-55.

அப்படி இருந்தும் கடைசி நாள் வரை வாய்ப்பு இருந்தது. செப்டம்பர் 28, மயாமியில் கடைசி மேட்ச். ஜெயித்தால் உள்ளே போகலாம்; ஏனென்றால் அதே இடத்துக்குப் போட்டியிட்ட சின்சினாட்டி ரெட்ஸும் அன்று தோற்றது. மெட்ஸ் 4-0 என்று தோற்றது. ஒரு ரன்கூட எடுக்கவில்லை. இரண்டு டீமும் 83-79. முன்பெல்லாம் இப்படிச் சமநிலை வந்தால் 163-வது மேட்ச் என்று ஒன்று வைப்பார்கள். 2022 முதல் அது கிடையாது. நேருக்கு நேர் மோதியதில் யார் அதிகம் ஜெயித்தார்கள் என்று பார்ப்பார்கள். ரெட்ஸ் 4-2. மெட்ஸ் வெளியே.

எங்கள் குரூப்பில் அரை மணி நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. அப்புறம் ஒருத்தர் வழக்கமான மெசேஜைப் போட்டார்: "162-ல ஒண்ணு."

யாரும் பதில் போடவில்லை.

எந்த ஒண்ணு?

அன்று இரவு நான் தேடியது அந்த 'ஒண்ணு' எது என்பதைத்தான். 79 தோல்வியில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு மேட்ச் மாறியிருந்தால் போதும். ஏப்ரலில் நான் 'பரவாயில்லை, இன்னும் நாள் இருக்கு' என்று திரும்பிப் படுத்துத் தூங்கிய மேட்சாகவும் அது இருக்கலாம். செப்டம்பர் 28 தோல்விக்கு டேபிளில் என்ன எடையோ, ஏப்ரல் தோல்விக்கும் அதே எடைதான். கடைசி மேட்சை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம். டேபிளில் தேதி எழுதுவதில்லை.

இது ஒரு தடவை நடந்த விபத்து என்றால் விட்டுவிடலாம். 2022-ல் ஜூன் 1-ஆம் தேதி மெட்ஸ் தன் டிவிஷனில் பத்தரை மேட்ச் முன்னிலையில் இருந்தது. சீசன் முடிவில் மெட்ஸ் 101-61, அட்லாண்டா பிரேவ்ஸும் 101-61. நேருக்கு நேர் கணக்கில் பிரேவ்ஸ் 10-9. டிவிஷன் பட்டமும், முதல் சுற்றை ஆடாமலே தாண்டும் சலுகையும் அவர்களுக்கு. மெட்ஸ் முதல் சுற்று ஆடி, சான் டியாகோவிடம் தோற்று வீட்டுக்குப் போனது. 2024-லும் மெட்ஸ், பிரேவ்ஸ், அரிசோனா மூன்றுமே 89-73. அந்தத் தடவை வெளியே நின்றது அரிசோனா. நான் கொண்டாடிய அந்த 'அதிசய வருஷம்' அரிசோனா ரசிகனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று 2025-க்குப் பிறகுதான் புரிந்தது.

நாலு வருஷத்தில் மூன்று தடவை ஒரு மேட்சுக்கும் குறைவான இடைவெளி. என் கருத்து இதுதான்: 'இப்பதான ஆரம்பிச்சிருக்கு' என்பது பாதி உண்மை. டீம் எப்படிப்பட்டது என்று ஜோசியம் பார்க்க ஏப்ரல் உதவாது. ஆனால் கணக்கில் ஏறும்போது ஏப்ரலுக்குத் தள்ளுபடி கிடையாது. மாதத்தின் முதல் வாரத்தில் செலவழித்த நூறு ரூபாயும் கடைசி வாரத்தில் செலவழித்த நூறு ரூபாயும் ஒன்றுதான். கடைசி வாரத்தில்தான் அது வலிக்கும்.

அதனால்தான் ஒரு ரசிகனுக்கு ஏப்ரலில் இரண்டு மனசு இருக்கிறது. ஜெயித்தால் நம்பப் பயம், தோற்றால் விடவும் முடியவில்லை. இதைக் குழப்பம் என்று பலர் கேலி செய்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு மனசும் சரியாகத்தான் சொல்கிறது; ஒன்று கணிப்பைப் பற்றிப் பேசுகிறது, இன்னொன்று கணக்கைப் பற்றி.

'இன்னும் நாள் இருக்கு' எப்போது முடியும்?

இதில் எனக்கு ஒரு கோபமும் உண்டு. 'இன்னும் நாள் இருக்கு' என்பது ரசிகன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதலாக இருந்தால் தப்பில்லை. டீமை நடத்துபவர்களுக்கு அது சாக்காக மாறும்போதுதான் பிரச்னை. 2025-ல் ஜூன் நடுவில் சரிவு தொடங்கியது. ஜூலையிலும் நாள் இருந்தது, ஆகஸ்ட்டிலும் இருந்தது. செப்டம்பரில் ஒரு நாள் திடீரென்று இல்லாமல் போனது. 'இனி தாமதிக்கக் கூடாது' என்று சொல்ல வேண்டிய நாள் எது என்று காலண்டர் யாருக்கும் காட்டுவதில்லை.

அதே சமயம் அவசரத்துக்கும் விலை உண்டு. அதே 2025-ல் சோட்டோவைப் பாருங்கள். மே மாதம் வரை அவர் பேட்டிங் சுமார்தான். கொடுத்த காசுக்கு இதுதானா என்று மைதானத்திலேயே கூச்சல். சீசன் முடிவில் அவர் கணக்கு 43 ஹோம்ரன், 38 முறை பேஸ் திருட்டு. ஒரே சீசனில், டீமின் ஆரம்பம் எங்களை ஏமாற்றி மேலே காட்டியது; சோட்டோவின் ஆரம்பம் ஏமாற்றிக் கீழே காட்டியது.

அதனால் ஆரம்பத்தில் நான் பார்ப்பது ஸ்கோரை அல்ல. பிட்சர்கள் எத்தனை இன்னிங்ஸ் தாக்குப்பிடிக்கிறார்கள், யாருக்குக் காயம், அவருக்கு மாற்று ஆள் தயாராக இருக்கிறாரா என்பதைத்தான். 45-24 என்ற எண் செங்காவின் தொடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எண் பின்னால்தான் வரும். காயம் முன்னால் வந்துவிடும்.

பீரோவில் ஒரு 20-ஆம் நம்பர்

இந்த ஏப்ரலில் இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. நான் வாங்கிய ஒரே மெட்ஸ் ஜெர்சி 20-ஆம் நம்பர், அலோன்சோவுடையது. மெட்ஸ் வரலாற்றில் அதிக ஹோம்ரன் அடித்தவர் அவர், 264. சீசன் முடிந்ததும் பால்டிமோர் போய்விட்டார். கடைசி இன்னிங்ஸில் டிரம்பெட் இசையோடு வந்து பந்து வீசும் எட்வின் டியாஸ் டாட்ஜர்ஸுக்குப் போனார். 2016-லிருந்து இதே டீமில் ஆடிய பிராண்டன் நிம்மோவை டெக்சஸுக்குக் கொடுத்து மார்கஸ் செமியனை வாங்கினார்கள்.

நிர்வாகத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 83-79 எடுத்த டீமை அப்படியே வைத்துக்கொண்டு வேறு முடிவை எதிர்பார்க்க முடியாது. 2020-ல் டீமை வாங்கியபோது உரிமையாளர் ஸ்டீவ் கோஹன், மூன்று முதல் ஐந்து வருஷத்துக்குள் உலக சீரிஸ் ஜெயிக்காவிட்டால் ஏமாற்றமாக இருக்கும் என்று சொன்னார். அந்த ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. மெட்ஸ் கடைசியாக உலக சீரிஸ் ஜெயித்தது 1986-ல்.

மூளைக்கு இதெல்லாம் புரிகிறது. ஆனால் புது முகங்கள் ஜெயிக்கும்போது ஒரு சின்ன தயக்கம் வருகிறது. இவர்களோடு நான் இன்னும் எதையும் இழக்கவில்லையே! அலோன்சோவோடு அந்த 2025 செப்டம்பரை இழந்தேன், 2024 அக்டோபரையும் பெற்றேன். ஒரு டீம் நம்முடையதாக ஆவது கூடவே தோற்கும்போதுதான். அதற்குக் கொஞ்ச நாள் ஆகும்.

குயின்ஸில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போய், கீழே கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டு, 7-ஆம் நம்பர் ரயிலில் ஏறினால் அடுத்த ஸ்டாப் மெட்ஸ் மைதானம். ஒரு தடவை பக்கத்து சீட்டில் வயதான ஒருவர். அவர்கள் பக்கம் ஹோம்ரன் அடித்தால் மைதானத்தின் பின்னால் ஒரு பெரிய சிவப்பு ஆப்பிள் மேலே எழும். அது சின்ன வயசிலிருந்து மெட்ஸை மட்டுமே பார்த்தவர். அது ஏப்ரல் மாதம், டீம் படுமோசம், குளிர் வேறு. "இந்த வருஷம் எப்படி?" என்று கேட்டேன். "அக்டோபர்ல கேளு" என்றார். அடுத்த நிமிஷம் ஆப்பிள் மேலே வந்தது. என்னைவிட முதலில் எழுந்து கத்தியவர் அவர்தான்.

தீர்ப்பை அக்டோபருக்குத் தள்ளி வைக்கலாம். கத்துவதைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை. இந்த சீசனுக்கு நான் எடுத்துக்கொண்ட பாடம் அதுதான். ஜெயித்தால் உடனே சாம்பியன் என்று எழுத மாட்டேன். தோற்றால் கடையை மூட மாட்டேன். ஆனால் 'ஏப்ரல்தானே' என்று திரும்பிப் படுக்கவும் மாட்டேன்.

நாளைக்கும் மேட்ச் இருக்கிறது. அலாரம் 4.35-க்கு. முடிந்ததும் குரூப்பில் அந்த மெசேஜைப் போடுவது இந்தத் தடவை என் முறை.